அமெரிக்கப் பேல் ஏல், 20 லிட்டர்: ஹாப் வாசம் எங்கே தொலைகிறது?

#1 வெண்நுரை

ஹாப் என்பது பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஒரு கொடியின் பூ. அதில் கேஸ்கேட் என்ற வகையின் வாசம் தூக்கலாக நிற்கும் அமெரிக்கப் பேல் ஏல் என்ற வெளிர்நிற பீருக்கு ஒரு முழுக் கணக்கை வைக்கிறேன். குறை இருந்தால் எண்ணோடு சொல்லுங்கள், சேர்ந்து திருத்துவோம்.

முதலில் சட்டம். அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்ச 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. வயது வந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் காய்ச்சுவது குற்றம். ஆகவே இந்த இழை, அனுமதி உள்ள இடங்களில் இருப்பவர்களுக்கு.

தானியம் (மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி):
அமெரிக்க 2-ரோ பேல் மால்ட் 4.4 கிலோ
கிரிஸ்டல் 40 மால்ட் 350 கிராம்
மியூனிக் மால்ட் 250 கிராம்

ஹாப், எல்லாம் பெல்லட் (பொடித்து அழுத்திய சிறு உருளை); ஆல்ஃபா என்பது கசப்பு தரும் அமிலத்தின் அளவு:
கொதியில் 60 நிமிடம்: மேக்னம் (ஆல்ஃபா 13%) 14 கிராம்
கொதி முடிய 10 நிமிடம் இருக்கும்போது: கேஸ்கேட் (6%) 28 கிராம்
அடுப்பை அணைத்து 80 டிகிரிக்கு இறக்கிய பின் 20 நிமிடம்: கேஸ்கேட் 30, சென்டெனியல் 30 கிராம்
ட்ரை ஹாப் (நொதிக்கும் பீரில் சூடில்லாமல் போடுவது): கேஸ்கேட் 40, சென்டெனியல் 40 கிராம்

ஈஸ்ட்: யுஎஸ்-05, 11.5 கிராம் பாக்கெட் ஒன்று.

மாஷுக்கு, அதாவது தானியத்தை வெந்நீரில் ஊற வைத்துச் சர்க்கரையை இறக்குவதற்கு, 15 லிட்டர் தண்ணீரை 73 முதல் 74 டிகிரிக்குச் சூடாக்கி, 20 டிகிரியில் உள்ள 5 கிலோ தானியத்தைக் கொட்டிக் கிளறினால் 67 டிகிரியில் நிற்கும். கட்டி கட்டியாக மாவு நின்றுவிட்டால் அதன் உள்ளே இருக்கும் ஸ்டார்ச் அப்படியே வீணாகும், அதனால் அடிவரை கிளற வேண்டும். 60 நிமிடம் மூடி வைத்து வடிக்கவும். தானியம் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டரைக் குடித்துக்கொள்ளும், ஆகவே முதல் வடிப்பு 10 லிட்டர். 75 டிகிரியில் இன்னும் 16 லிட்டர் ஊற்றிக் கழுவினால் பானையில் 26 லிட்டர். அப்போது அடர்த்தி (தண்ணீர் 1.000 என்றால்) 1.042 காட்ட வேண்டும். ஒரு மணி நேரக் கொதியில் 4 லிட்டர் ஆவியாகும், ஆறும்போது சுருங்கி 21 லிட்டர். கசடு போக ஃபெர்மென்டருக்கு (நொதிக்க வைக்கும் கலத்துக்கு) 20. தொடக்க அடர்த்தி 1.052, முடிவு 1.011 அல்லது 1.012, ஆல்கஹால் 5.3% அளவில். கசப்பு, அதன் அளவான ஐ.பி.யு.வில், 35 பக்கம் வரும். இந்தக் கணக்கு 72% எஃபிஷியன்சிக்கு, அதாவது தானியம் தரக்கூடிய சர்க்கரையில் அத்தனை பங்கு வடிப்பில் கிடைத்தால். உங்கள் மாஷ் அதைத் தொடவில்லை என்றால் பேல் மால்ட்டை மட்டும் கூட்டுங்கள், மற்ற இரண்டைத் தொட வேண்டாம்.

இனி விவாதத்துக்கான கேள்வி. இந்த வகை பீர் முதல் பத்து நாள் பம்பளிமாஸ் தோலைக் கிள்ளி முகர்ந்தது போல இருக்கும். ஒரு மாதத்தில் அது மங்கித் தேன் வாடை, பிறகு நனைந்த அட்டை வாடை. உடனே எல்லோரும் அடுத்த முறை ஹாப்பை இரட்டிப்பாக்குகிறார்கள். போட்ட ஹாப்பைக் காப்பாற்றத் தெரியாமல் கூடுதல் ஹாப் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். எந்தக் கட்டத்தில் எவ்வளவு தொலைகிறது என்று பேசுவோம்.

#2 கூம்புக்கொடி

கணக்கு சரியா இருக்கு. ஹாப் பக்கம் நாலு விஷயம்.

ஒண்ணு, மேக்னம் 14 கிராம்னு மனப்பாடம் பண்ணாதீங்க. பாக்கெட் மேல போட்டிருக்கிற ஆல்ஃபா சதவீதம் வருஷத்துக்கு வருஷம் மாறும். 14 × 13 = 182. அதை உங்க பாக்கெட்டின் எண்ணால வகுங்க. 11 சதவீதம்னா 16.5 கிராம். கசப்புக்கு மேக்னம்தான் வேணும்னு இல்ல, சுத்தமான கசப்பு தர்ற எந்த ஹாப்பும் ஆகும்.

ரெண்டு, அந்த 80 டிகிரி. இதை யாரும் தாண்டிப் போகாதீங்க. கொதிச்சு அடங்கின உடனே 98 டிகிரியில கொட்டினா ஆல்ஃபா அமிலம் மளமளன்னு கசப்பா மாறும், மிர்சீன் மாதிரி லேசான எண்ணெய் ஆவியோட போயிடும். 80க்குக் கீழ வந்தா ரெண்டுமே நல்லாக் குறையும். 60 கிராமை 98ல 20 நிமிஷம் ஊற வெச்சா 35 ஐ.பி.யு. கணக்கு எங்கேயோ போகும், நாக்குல கரகரன்னு நிக்கும். குளிர்நீர் ஓடுற காயிலை ரெண்டு நிமிஷம் ஓட்டி நிறுத்தி, வெப்பமானி 80 காட்டின பிறகு போடுங்க. சுழிக்கிற மாதிரி கரண்டியால சுத்தி விடுங்க, மூடி போடுங்க.

மூணு, ஹாப்போட வயசு. யாக்கிமா பள்ளத்தாக்குல அறுவடை ஆகஸ்ட் கடைசியில தொடங்கி செப்டம்பர் முழுக்க நடக்கும். பாக்கெட்டுல அறுவடை வருஷம் இருக்கணும். பிரிச்ச பாக்கெட்டைக் காற்றை எடுத்துக் கட்டி ஃப்ரீசர்ல வைங்க. பெல்லட் பச்சை மாறிப் பழுப்பு அடிச்சா, மோந்து பார்த்தா பழைய சீஸ் வாடை வந்தா, அது ஐசோவலெரிக் அமிலம். கொதிக்குக் கூட வேண்டாம், தூக்கிப் போடுங்க.

நாலாவது, 10 நிமிஷ கேஸ்கேட் எதுக்கு? வாசத்துல பாதி ஆவியா போயிடும், கசப்பு ஆறோ ஏழோதான் கிடைக்கும். அந்த 28 கிராமையும் 80 டிகிரிக்கே கொண்டு போங்கன்னு சொல்வேன்.

#3 வெண்நுரை

10 நிமிடச் சேர்ப்பை விட்டுத்தர மனமில்லை. இந்தப் பாணியின் வேரே அதுதான். கேஸ்கேட் 1972-இல் ஓரிகனில் அமெரிக்க வேளாண் துறையின் ஹாப் ஆய்விலிருந்து வெளிவந்தது. 1975-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் அதை லிபர்ட்டி ஏலில் முழுக்கப் பயன்படுத்தியது, 1980-இல் கலிஃபோர்னியாவின் சிக்கோவில் தொடங்கிய சியரா நெவாடா அதைப் பேல் ஏலின் அடையாளமாகவே ஆக்கிவிட்டது. அந்த பீர்களில் முகர்ந்தால் வரும் வாசம் மட்டுமல்ல, குடிக்கும்போது நாக்கில் தெரியும் ஹாப் சுவையும் உண்டு. கொதியின் கடைசிப் பத்து நிமிடம் கொடுப்பது அதைத்தான். முழுவதையும் குளிர்ந்த பக்கம் தள்ளினால் மணம் பழச்சாறு போல ஆகும், நடுநாக்கு காலியாக இருக்கும். அது வேறு பாணி.

#4 நீர்க்கணக்கு

யாரும் தண்ணீரைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஹாப் கசப்பு கூர்மையாக முடிவதும் சோப்பு போல வழவழத்து நிற்பதும் இதில்தான் இருக்கிறது.

ஆர்.ஓ. தண்ணீரில் தொடங்குவது சுலபம். மேலே உள்ள 31 லிட்டருக்கும் சேர்த்து ஜிப்சம் 8 கிராம், கால்சியம் குளோரைடு 4 கிராம். சல்பேட் 144, குளோரைடு 62, கால்சியம் 95 பி.பி.எம். அளவில் வரும். சல்பேட் ஹாப் கசப்பை உலர்வாக முடிக்கும், குளோரைடு மால்ட்டைத் திரட்டிக் காட்டும். 2-க்கு 1 அல்லது அதற்குச் சற்று மேலான விகிதம் பேல் ஏலுக்குப் பொருந்தும். சல்பேட்டை 300-க்கு ஏற்றுவோர் உண்டு. 5 சதவீத பீரில் அது சுண்ணாம்பு போல உலர்ந்து அடிக்கும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாஷின் பி.எச். 5.2 முதல் 5.4. இந்தத் தானியமும் இந்த உப்பும் சேர்ந்தால் 5.45 பக்கம் நிற்கும். 88% லாக்டிக் அமிலம் 2 மில்லி போட்டால் ஏறத்தாழ 0.1 இறங்கும். அளக்கும்போது சாற்றை அறை வெப்பத்துக்கு ஆற்றிவிட்டு அளக்க வேண்டும், சூட்டில் அளந்தால் எண் தாழ்ந்து காட்டும், மீட்டரின் முனையும் கெடும். கழுவும் தண்ணீருக்கும் சில துளி அமிலம் விடுங்கள். கடைசி வடிப்பின் பி.எச். 6-ஐத் தாண்டினால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும், வடித்த டீத்தூளை மறுபடி கொதிக்க வைத்தது போல.

குழாய்த் தண்ணீர் என்றால் குளோராமைன் கட்டாயம் போக வேண்டும். கொதிக்க வைத்தால் குளோரின் போகும், குளோராமைன் எளிதில் போகாது. அது மால்ட்டில் உள்ள ஃபீனாலோடு சேர்ந்து மருத்துவமனை வாடை தரும், மிகச் சிறிய அளவே போதும். கேம்ப்டன் (சல்பைட்) மாத்திரை ஒன்று 75 லிட்டருக்கு, ஆகவே 31 லிட்டருக்கு அரை மாத்திரை தாராளம். பொடித்துக் கலக்கிச் சில நிமிடம் விட்டால் வேலை முடிந்தது.

#5 அடுப்படி

வணக்கம். அடுக்குமாடி வீட்டுச் சமையலறை அடுப்பு, 16 லிட்டர் பானை, இவ்வளவுதான் வசதி. 26 லிட்டர் கொதிக்க வைக்க வழியில்லை. மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மால்ட் சாற்றின் பொடி) வைத்து இதே பீரை எடுக்க முடியுமா? முழு ஹாப்பும் அப்படியே போடலாமா?

#6 வெண்நுரை

முடியும், நன்றாகவே வரும்.

கிரிஸ்டல் 350 கிராமைத் துணிப்பையில் கட்டி 4 லிட்டர் தண்ணீரில் 67 டிகிரியில் 30 நிமிடம் ஊற வைத்து எடுங்கள். பையைப் பிழிய வேண்டாம். மியூனிக்கை விட்டுவிடுங்கள், அதற்கு மாஷ் வேண்டும். லைட் உலர் எக்ஸ்ட்ராக்ட் மொத்தம் 2.8 கிலோ. பானையில் 12 லிட்டராக்கிக் கொதி வந்ததும் அதில் பாதியை மட்டும் கரைத்து 60 நிமிடக் கொதியைத் தொடங்குங்கள். மீதிப் பாதி, அடுப்பை அணைத்ததும். முழுவதையும் முதலிலேயே போட்டால் 12 லிட்டரில் அடர்த்தி 1.090-ஐ நெருங்கும், அந்தப் பாகில் ஹாப்பின் கசப்பு சரியாக இறங்காது, நிறமும் கருக்கும். எக்ஸ்ட்ராக்ட்டைக் கரைக்கும்போது தீயை அணைத்துவிட்டுக் கரைக்கவும். அடியில் படிந்தால் தீய்ந்த வாடை கடைசிவரை போகாது. கொதி ஏறும் நேரத்தில் நுரை பொங்கி அடுப்பை நிறைக்கும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

ஹாப் அளவு அப்படியே இருக்கட்டும், மேக்னத்தை மட்டும் 17 கிராம் ஆக்குங்கள். எக்ஸ்ட்ராக்ட்டில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது, ஜிப்சம் 4 கிராமுக்கு மேல் வேண்டாம், கால்சியம் குளோரைடு தேவையில்லை.

ஹாப் ஊறி முடிந்ததும் பானையைப் பனிக்கட்டி போட்ட தொட்டியில் இறக்கி 25 டிகிரி வரை ஆற்றி, முன்பே கொதிக்க வைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்த தண்ணீரை ஊற்றி 20 லிட்டர் ஆக்குங்கள். வெப்பத்தை அளந்து, 18 டிகிரிக்கு வந்ததும் ஈஸ்ட் போடுங்கள்.

#7 புளிமாவு

ஈஸ்ட்டையும் கொஞ்சம் கவனிப்போம்.

யுஎஸ்-05, வையீஸ்ட் 1056, ஒயிட் லேப்ஸ் 001 மூன்றும் சிக்கோ வழி ஈஸ்ட் என்றே அறியப்படுபவை. ஹாப்பை மறைக்காத சுத்தமான நொதிப்பு. உலர் பாக்கெட் ஒன்று 20 லிட்டருக்குப் போதும், மேலாகத் தூவினால் போதும், வோர்ட்டுக்குள் (நொதிக்காத மால்ட் சாற்றுக்குள்) ஆக்ஸிஜன் ஏற்றக் கட்டாயம் இல்லை. திரவ ஈஸ்ட்டுக்கு அப்படி அல்ல. 1.052-இல் 20 லிட்டருக்குச் சுமார் 19,000 கோடி செல் வேண்டும். பழைய பாக்கெட் ஒன்றில் அது இருக்காது, 1.5 லிட்டர் ஸ்டார்ட்டரில் (சிறு மால்ட் கரைசலில்) போட்டுப் பெருக்குங்கள், வோர்ட்டையும் நன்றாகக் குலுக்குங்கள். காற்று நல்லது செய்யும் ஒரே நேரம் அதுதான்.

18 முதல் 19 டிகிரி. யுஎஸ்-05-ஐ 16-க்குக் கீழே இறக்கினால் பீச் பழ வாடை எட்டிப் பார்க்கும். நான்காம் நாள் அடர்த்தி 1.020-க்குக் கீழே வந்ததும் 21-க்கு ஏற விடுங்கள், வெண்ணெய் வாடை தரும் டையசெட்டிலை ஈஸ்ட்டே விழுங்கிவிடும்.

இப்போது முக்கியமானது, ஹாப் க்ரீப். ஹாப்பில் நொதிகள் உண்டு. ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரினை அவை உடைத்துச் சர்க்கரையாக்கும். முடிந்ததென்று நினைத்த நொதிப்பு மறுபடி எழும். புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி இல்லை, 1893-இலேயே பிரவுன், மோரிஸ் இருவரும் இங்கிலாந்தில் இதை எழுதிவிட்டார்கள். 1.012-இல் நின்ற பீர் ட்ரை ஹாப்புக்குப் பிறகு 1.009-க்கு இறங்கக்கூடும். 0.001 இறக்கம் பாட்டிலுக்குள் நடந்தால் ஏறத்தாழ அரை வால்யூம் கார்பன் டை ஆக்சைடு, அதாவது பீரின் கொள்ளளவில் பாதி அளவு வாயு. மூன்று புள்ளி என்றால் ஒன்றரை வால்யூம். நீங்கள் குமிழிக்காகப் பாட்டிலில் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்த 2.4-உடன் இது சேர்ந்தால் 3.9. சாதாரணப் பாட்டிலுக்கு அது ஆபத்து, வெடிக்கும். ட்ரை ஹாப் போட்ட மறுநாளே பாட்டிலில் அடைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

#8 அடுப்படி

நன்றி. அப்படியானால் எப்போதுதான் அடைப்பது? ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விடும் நீரடைப்பில்) குமிழி நின்றுவிட்டால் போதாதா?

#9 புளிமாவு

போதாது. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் குமிழியே வராது. வெயில் ஏறினால் முடிந்த பீரிலும் வரும். ஹைட்ரோமீட்டர் ஒன்றுதான் சாட்சி. ட்ரை ஹாப் போட்ட மூன்றாம் நாள் ஒரு அளவு, 48 மணி நேரம் கழித்து இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருந்தால் அடைக்கலாம். ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது, மாதிரியை அந்த வெப்பத்துக்குக் கொண்டுவந்து, குமிழியைத் தட்டி எடுத்துவிட்டுப் பாருங்கள். ரிஃப்ராக்டோமீட்டர் ஆல்கஹால் வந்த பிறகு தவறாகக் காட்டும், அதை இங்கே நம்ப வேண்டாம்.

கூடவே டையசெட்டில் சோதனை. இரண்டு கிளாஸில் மாதிரி எடுத்து மூடுங்கள். ஒன்றை 65 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து ஆற்றுங்கள். சூடு செய்ததில் மட்டும் வெண்ணெய் தடவிய பாப்கார்ன் வாடை வந்தால், ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை. இன்னும் இரண்டு நாள் 21 டிகிரியில் விடுங்கள். ஹாப் க்ரீப் புதிதாக டையசெட்டிலைக் கிளப்பும் என்பதால் ட்ரை ஹாப்புக்குப் பிறகுதான் இந்தச் சோதனை.

#10 கண்ணாடிப்புட்டி

கெக் (அழுத்தம் தாங்கும் உலோகப் பீப்பாய்) இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன். வெண்நுரை கேட்ட கேள்விக்குப் பெரும்பாலான பதில் பாட்டில் வேலையில்தான் இருக்கிறது. தேன் வாடை, மங்கிய பொன்னிறம் பழுப்பாவது, வாசம் படுத்துப் போவது மூன்றும் ஆக்ஸிஜன். நுண்ணுயிர் அல்ல, ஹாப் குறைவும் அல்ல.

வழக்கமான முறை என்ன? பீரை ஒரு வாளிக்கு மாற்றுகிறோம், சர்க்கரைப் பாகை ஊற்றிக் கலக்குகிறோம், குழாய் வைத்துப் பாட்டிலில் நிரப்புகிறோம், மேலே மூன்று சென்டிமீட்டர் காலி விட்டு மூடுகிறோம். நான்கு இடத்திலும் காற்று. ஈஸ்ட் அந்த ஆக்ஸிஜனைத் தின்னும் என்பது பாதி உண்மை. ஈஸ்ட் எழுந்து தின்பதற்குள் ஹாப் சேர்மங்கள் தம் பங்கை வாங்கிக்கொண்டுவிடும்.

வாளியை முற்றிலும் விட்டுவிடுங்கள். ஃபெர்மென்டரின் குழாயிலிருந்தே, அடிவரை இறங்கும் நிரப்புக்குச்சி வழியாகப் பாட்டிலுக்கு. சர்க்கரையைப் பாட்டிலுக்குப் பாட்டில் போட வேண்டும். 19 லிட்டருக்கு 2.4 வால்யூம் வர 110 கிராம் சாதாரண வெள்ளைச் சர்க்கரை, 355 மில்லி பாட்டிலுக்கு 2.1 கிராம். பீர் நொதித்து முடிந்தபின் தொட்ட உச்ச வெப்பம் 20, 21 டிகிரி என்ற கணக்கில் இது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் தராசு வைக்கக் கை ஓயும். 110 கிராமை வெந்நீரில் கரைத்து 270 மில்லி ஆக்கிக் கொதிக்கவிட்டு ஆற்றி, ஊசியில்லாத சிரிஞ்சால் பாட்டிலுக்கு 5 மில்லி விட்டால் வேலை வேகமாக நடக்கும், அளவும் பிசகாது.

காலி இடம் ஒரு சென்டிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். குச்சியை எடுத்தால் மட்டம் இறங்கும், அந்த இடத்தை மறுபடி நிரப்புங்கள். பாட்டிலை மெல்லத் தட்டி நுரை எழுப்பி, நுரை வாயைத் தொடும்போது மூடியை அமுக்குங்கள். மூடிக்குக் கீழே காற்றுக்கு இடமே இருக்கக் கூடாது. பழுப்புப் பாட்டில்தான். பச்சையிலும் வெள்ளையிலும் வெளிச்சம் பட்டால் ஐசோ-ஆல்ஃபா அமிலம் உடைந்து ஸ்கங்க் (நாற்றமடிக்கும் ஒரு விலங்கு) வாடை வரும், நேர் வெயிலில் சில நிமிடமே போதும்.

20, 21 டிகிரியில் இரண்டு வாரம். ஒரு பாட்டிலைத் திறந்து குமிழி பாருங்கள். சரியாக இருந்தால் அனைத்தும் அன்றைக்கே குளிர்பதனப் பெட்டிக்கு. வெளியே மூட்டையாக அடுக்கி வைத்தால் சூட்டில் மூப்பு பல மடங்கு ஓடும்.

கழுவுவதும் ஒரு வரி. ஸ்டார் சான் என்ற கிருமிநீக்கி லிட்டருக்கு 1.5 மில்லி, நுரை இருந்தாலும் அலச வேண்டாம். ஆனால் அழுக்கு ஒட்டிய பாட்டிலில் அது வேலை செய்யாது. முதலில் தூரிகை, பிறகு அது.

#11 கூம்புக்கொடி

கண்ணாடிப்புட்டி சொன்னதோட ட்ரை ஹாப் நேரத்தையும் சேர்த்துப் பார்க்கணும். மூடியைத் திறந்து 80 கிராம் பெல்லட் கொட்டினா அதோட காற்றும் உள்ள போகும், பெல்லட்டுக்குள்ளயே காற்று இருக்கு. அதனால பாட்டில்காரங்க நொதிப்பு முழுசா முடியுறதுக்கு முன்ன, இன்னும் ரெண்டு மூணு புள்ளி மிச்சம் இருக்கும்போது, அதாவது 1.015 பக்கம் போடுங்க. ஈஸ்ட் இன்னும் பசியோட இருக்கும், வந்த ஆக்ஸிஜனைப் பிடிச்சுக்கும். கொஞ்சம் வாசம் எழும்புற வாயுவோட போகும்தான். ஆனா காப்பாத்துறது அதைவிட அதிகம்.

கெக் வெச்சிருக்கவங்க வேற மாதிரி. 14 டிகிரிக்கு இறக்கி ஈஸ்ட்டை அடியில படிய விட்டு, மேல தெளிஞ்ச பீர்ல போட்டா வாசம் இன்னும் தெளிவா இருக்கும்.

எவ்வளவு நாள்னு கேட்டா ரெண்டு மூணு நாள். எண்ணெயில பெரும்பகுதி முதல் 24 மணி நேரத்துலயே இறங்கிடும். பத்து நாள் ஊற வெச்சா பச்சைப் புல், இலைத் துவர்ப்புதான் மிச்சம். அளவும் அப்படியே. இங்க லிட்டருக்கு 4 கிராம் இருக்கு, 5 வரைக்கும் போகலாம். 8 கிராம் தாண்டினா போட்ட அளவுக்கு வாசம் ஏறாது, மூலிகைக் கஷாயம் மாதிரி ஆகும், பி.எச். ஏறிக் கசப்பு முரடா தெரியும், பெல்லட் குடிக்கிற பீரும் வீண். இப்போதைய 80 கிராமே அரை லிட்டருக்கு மேல குடிச்சுடும்.

அப்புறம் கிரிஸ்டல் 350 கிராம் அதிகம்னு நினைக்கிறேன். அந்த கேரமல் இனிப்பு பழசானா உலர்திராட்சை வாடையா மாறி ஹாப்பை மூடும். முழுசா எடுத்துட்டு மியூனிக்கை அரைக் கிலோ ஆக்கினா பீர் இன்னும் நாள் தாங்கும்.

#12 நீர்க்கணக்கு

கிரிஸ்டலை எடுப்பதற்கு நான் உடன்பட மாட்டேன். 5 கிலோவில் 350 கிராம் என்றால் 7 சதவீதம். 35 ஐ.பி.யு. கசப்பைத் தாங்க ஏதாவது இனிப்பு வேண்டும், பேல் ஏலும் அதைவிடக் கசப்பான ஐ.பி.ஏ.வும் பிரிகிற இடமே அதுதான். உலர்திராட்சை வாடை 40-இல் அவ்வளவாக வராது, அடர்நிறமான 80, 120 கிரிஸ்டல்தான் அதற்குக் காரணம். குறைப்பதானால் 250-க்குக் குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் நிறம் வைக்கோல், உடல் மெலிவு.

மாஷ் வெப்பத்தையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். 69-இல் மாஷ் செய்துவிட்டு கிரிஸ்டலைக் குறை சொல்வது நியாயமில்லை. 69-இல் டெக்ஸ்ட்ரின் அதிகம், முடிவு 1.015-இல் நிற்கும், ஹாப் க்ரீப்புக்குத் தீனியும் கூடும். பாட்டில்காரர்கள் 66-இல் வைத்தால் இரண்டு தொல்லையும் குறையும்.

#13 இரும்புக்கெக்

கெக் பக்கம் சுருக்கமாக.

கெக்கை வெறும் வாயுவால் இரண்டு முறை ஊதிவிட்டால் காற்று போய்விடாது. ஸ்டார் சான் கரைசலால் வாய்வரை நிரப்பி, மூடி, கார்பன் டை ஆக்சைடால் திரவக் குழாய் வழியே முழுவதும் வெளியே தள்ளினால்தான் உள்ளே வாயு மட்டும் இருக்கும். இதற்குச் செலவே இல்லாத வழியும் உண்டு. 20 லிட்டர் நொதிக்கும்போது சுமார் 400 லிட்டர் வாயு வெளியேறுகிறது. ஃபெர்மென்டரின் வாயுக் குழாயைக் கெக்கின் திரவ முனையில் செருகி, கெக்கின் வாயு முனையிலிருந்து இன்னொரு குழாயைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் விட்டால் ஒரு வாரத்தில் கெக் தானே துப்புரவாகிவிடும்.

குளிர வைக்கும்போது கவனம். 2 டிகிரிக்கு இறக்கினால் மேலே உள்ள வாயு சுருங்கும், குளிர்ந்த பீர் அதில் ஒரு பங்கைக் கரைத்தும்கொள்ளும், அந்த இடத்துக்கு ஏர்லாக் வழியே வெளிக்காற்று உள்ளே இழுபடும். சிலசமயம் ஏர்லாக்கில் உள்ள திரவமும் சேர்ந்து போகும். ஏர்லாக்கைக் கழற்றிவிட்டு, நொதிப்பின்போது நிரம்பிய வாயுப் பையையோ மிகத் தாழ்ந்த அழுத்தத்தில் சிலிண்டரையோ இணைக்கவும். அழுத்தம் தாங்காத பிளாஸ்டிக் வாளியில் சிலிண்டர் வேண்டாம். பாட்டிலுக்குப் போகிற பீர் என்றால் குளிர வைப்பதையே விட்டுவிடலாம், கொஞ்சம் கலங்கல் இருந்தால் என்ன?

4 டிகிரியில் 11, 12 பி.எஸ்.ஐ. வைத்து ஒரு வாரம் விட்டால் 2.5 வால்யூம். 30 பி.எஸ்.ஐ.யில் குலுக்கி அவசரப்படுத்தினால் அளவு மீறும், ஊற்றும்போது நுரையோடு வாசமும் போகும். ஊற்றும் குழாய் 5 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் மூன்று மீட்டர்.

#14 அடுப்படி

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. பீர் சரியில்லை என்றால் ஆக்ஸிஜனா, கிருமியா, பழைய ஹாப்பா என்று எப்படிப் பிரித்தறிவது?

#15 வெண்நுரை

அடைத்த நாளன்றே ஒரு சிறு கிளாஸ் தனியாக எடுத்து முகருங்கள். எல்லாம் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அன்றே வாசம் மந்தமாக இருந்தால் ஹாப் பழசு, அல்லது 80 டிகிரிக்கு முன்பே கொட்டியிருக்கிறீர்கள். அன்றே மருத்துவமனை வாடை என்றால் குளோராமைன். அன்று அருமையாக இருந்து மூன்று வாரத்தில் நிறம் கருத்து, தேன் வாடை வந்து, குமிழி மட்டும் அதே அளவில் இருந்தால் ஆக்ஸிஜன்.

குமிழி வாரா வாரம் ஏறி, திறந்ததும் பொங்கினால் இரண்டில் ஒன்று. அடர்த்தி இறங்கி, சுவை சுத்தமாக இருந்தால் ஹாப் க்ரீப். புளிப்போ, கிராம்பு வாடையோ, பாட்டில் கழுத்தில் வளையமாகப் படிவோ இருந்தால் கிருமி. எல்லாப் பாட்டிலும் அப்படியானால் ஃபெர்மென்டரின் குழாயைக் கழற்றிப் பாருங்கள், திருகு மறையில் பழைய கசடு இருக்கும். ஒன்றிரண்டு பாட்டில் மட்டும் என்றால் அந்தப் பாட்டில்கள் சரியாகக் கழுவப்படவில்லை. பொங்குகிற பாட்டில்களை உடனே குளிர வையுங்கள், கையாளும்போது தடித்த கையுறையும் கண்ணாடியும் போடுங்கள்.

கிரிஸ்டலை 300 ஆக்கி, மாஷை 66 ஆக்கி, பாட்டில்காரர்களுக்கு ட்ரை ஹாப்பை 1.015-இல் என்று முதல் பதிவில் மாற்ற இருக்கிறேன். 10 நிமிட கேஸ்கேட் அங்கேயே இருக்கும், கூம்புக்கொடி மன்னிக்க வேண்டும்.

#16 கூம்புக்கொடி

இருக்கட்டும். அதுக்குப் பதிலா அடுத்த காய்ச்சல்ல எல்லாரும் ஒரு சோதனை பண்ணுங்க. ஒரே பீர்ல ஆறு பாட்டில் தனியா எடுத்து, மூணை மூணு சென்டிமீட்டர் காலி விட்டும், மூணை நுரை மேல மூடியும் அடைங்க. மூடியில மையால குறி போடுங்க. ரெண்டு வாரம் குமிழி பிடிச்சதும் ஒவ்வொரு வகையிலயும் ஒண்ணைக் குளிர வைங்க, மத்த நாலையும் அலமாரியில 25 டிகிரியில இன்னும் மூணு வாரம் விடுங்க. அப்புறம் ஆறையும் ஒரே மாதிரி கிளாஸ்ல ஊத்தி, எது எதுன்னு தெரியாம வேற ஒருத்தரை முகரச் சொல்லுங்க. நிறத்தையும் வெள்ளைத்தாள் மேல வெச்சுப் பாருங்க. முடிவை இங்கயே போடுங்க, அளவோட.